சம்மனசு ஈயம்

காலையில் கை வைத்துப் பார்த்தபோது எஞ்சின் வெதுவெதுவென்று இருந்தது.

காப்பி டம்ளர் பிடித்திருந்த கை, அந்தச் சூடுதான் என்று நினைத்துத் தனிஸ்லாஸ் இடது கையை வைத்துப் பார்த்தான். அதுவும் அப்படியே. முன்கூடத்தில் இரண்டு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டு அதன்மேல் ஏற்றி வைத்திருந்த அந்தப் பழைய பிரெஞ்சுக் காரின் எஞ்சினில் பெட்ரோல் கிடையாது, பொறி கொடுக்கிற மேக்னெட்டோ கிடையாது, தலைமூடிகூட இன்னும் மாட்டவில்லை. கார்த்திகை மழை ஒரு வாரமாக விடாமல் பெய்து, சுவரெல்லாம் ஓதம் ஏறி, துவைத்துப் போட்ட வேட்டி காயாமல் முடைநாற்றம் அடித்துக்கொண்டிருந்த வீட்டில், தொட்டவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொள்கிற மாதிரி அந்த இரும்பு சில்லிட்டுக் கிடந்திருக்க வேண்டும். இதுவோ காய்ச்சல் விட்டுக்கொண்டிருக்கிற பிள்ளையின் நெற்றி மாதிரி இருந்தது.

அடுப்பங்கரை கொல்லைப்பக்கம். அங்கிருந்து சூடு இத்தனை தூரம் வராது. பூனை ஏதாவது மேலே படுத்திருக்கும் என்று சொல்லிக்கொண்டான். வீட்டில் பூனை கிடையாது. தெருவிலும் அவன் பார்த்ததில்லை. இருந்தாலும் மனசு ஒரு பூனையைக் கொண்டுவந்து படுக்கவைத்து, அத்தோடு அந்தப் பேச்சை முடித்துக்கொண்டது.

மில்லில் பிட்டர் வேலை பார்ப்பவன் இதற்கெல்லாம் பயந்தால் கட்டுமா? உழவர்கரையில் மாதா கோயிலுக்குப் பின்னால் வீடு. கை சுத்தமான வேலைக்காரன் என்று மில்லில் பெயர். மில்லின் வெள்ளைக்கார மேலாளரின் கார் கடலூர் ரோட்டில் பேரிங் உருகி நின்றுபோய், கொட்டகையில் கோழி அடையக் கிடந்தபோது, ‘எனக்கு வேண்டாம், நீயே எடுத்துகினு போ’ என்று அந்த முசே கையை உதறிவிட்டார். மாட்டு வண்டியில் கட்டி இழுத்துவந்து கொல்லையில் கீற்றுப் பந்தல் போட்டு நிறுத்தினான். எஞ்சினை மட்டும் மழைக்குப் பயந்து கூடத்துக்குள் ஏற்றினான். தெருவே சிரித்தது. ‘தனிஸ்லாசுக்குத் துரை ஆவற ஆசை வந்துட்டுது’ என்றார்கள். சிரிக்கட்டும். அவனுக்கு ஊர்கோலம் போகிற ஆசையில்லை. ஒரே ஒரு சவாரி போனால் போதும்.

அவன் மனைவி லூர்துசெல்விக்கு நிறைமாதம். மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மழையில் தலைப்பிள்ளைக்கு வலி எடுத்தது. ஆள் பின்னாலிருந்து தள்ளுகிற புஸ்புஸ் வண்டியில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள். ரயில்வே கேட்டுக்கு முன்னால் சக்கரம் அச்சுவரைக்கும் சேற்றில் இறங்கியது. தள்ளுகிறவனும் தனிஸ்லாசும் தோள் கொடுத்தும் அசையவில்லை. வண்டியின் கித்தான் கூரைக்குக் கீழேயே பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. இரண்டு மூச்சு விட்டான், அவ்வளவுதான். கூரையில் தேங்கியிருந்த மழைத்தண்ணீரைக் கையில் ஏந்தி, அவன் நெற்றியில் விட்டு, அருளப்பன் என்று பெயர் சொல்லித் தனிஸ்லாஸே ஞானஸ்நானம் கொடுத்தான். ஆபத்துக்கு யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். கொடுத்து முடித்தபோது பிள்ளை இல்லை. அடுத்த தடவை அப்படி ஆகவிட மாட்டேன் என்று அன்றைக்கே முடிவு கட்டியவன்தான் இந்தக் காரைக் கட்டி இழுத்துவந்தவன்.

எல்லாம் இருந்தது, பேரிங்குக்கு ஊற்ற வெள்ளீயம்தான் இல்லை. மில் கதவடைத்து மாதமாகிவிட்டது. உள்ளே குவியல் குவியலாகக் கிடக்கும், வெளியே குண்டுமணி கிடைக்காது.

மில் பிட்டர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தேய்ந்துபோன பேரிங்கிலிருந்து வழித்தெடுக்கிற ஈயத்தை அவர்கள் வீசுவதில்லை. ஞானஸ்நானம் வாங்கிச் சாகிற பச்சைப் பிள்ளையைச் செத்துப்போச்சு என்று சொல்ல மாட்டார்கள். சம்மனசு ஆயிட்டுது, மோட்சத்துத் தூதனாகிவிட்டது என்பார்கள். அப்படிப் போகிற ஏழைவீட்டுப் பிள்ளையின் பெட்டிமேல் ஆணியடிக்க, அந்த ஈயத்தை மண் அச்சில் ஊற்றி, இறக்கை விரித்த சின்னச் சம்மனசு ஒன்றைப் பிட்டர்கள் செய்துகொடுப்பார்கள். கூலி வாங்க மாட்டார்கள். தனிஸ்லாஸ் எத்தனையோ ஊற்றியிருக்கிறான். அருளப்பனுக்கும் அவன்தான் ஊற்றினான்.

கல்லறைத் திருநாளன்று மெழுகுவத்தி கொளுத்தப் போனவன், குழிவெட்டுகிற அம்மாவாசையின் குடிசையோரம் ஒரு சாக்கைப் பார்த்தான். புதுக் குழிகளுக்கு இடம் வேண்டுமென்று பிள்ளைகளின் வரிசையைப் புரட்டியிருந்தார்கள். மண்ணோடு வந்த ஈயச் சம்மனசுகள் சாக்கு நிறைய இருந்தன.

“எடுத்துக்கவா?” என்று கேட்டான்.

அம்மாவாசை மண்வெட்டியைக் கழுவிக்கொண்டே, “உங்க ஆளுங்க ஊத்தனதுதானே, எடுத்துகினு போங்க. எனக்கு இன்னா” என்றான். பிறகு கொஞ்சம் நின்று, “வூட்டுக்குள்ள மட்டும் வெக்காதீங்க. அதுங்க கத்துக்குட்டிங்க. போவ வழி தெரியாது” என்றான்.

தனிஸ்லாஸ் தப்பு என்று நினைக்கவில்லை. மில் ஈயம், நாம் ஊற்றியது, சாமியார் தீர்த்தம் தெளித்தது, பிள்ளைத்தாச்சிக்கு நல்லதுதான் செய்யும் என்று கணக்குப் போட்டான். கரி அடுப்பில் இரும்புச் சட்டியை வைத்து ஒவ்வொன்றாகப் போட்டான். முகம் முதலில் உருகியது, இறக்கை கடைசியில். இடது இறக்கை கொஞ்சம் தடித்த ஒன்று கைக்கு வந்தது. அச்சு நகர்ந்துபோய் அப்படி விழுந்தது என்று அன்றைக்கே தெரியும், திரும்ப ஊற்ற நேரமில்லை. அருளப்பனுடையது. அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். பிறகு, தம்பியோ தங்கச்சியோ, அண்ணன்காரனே தூக்கிக்கொண்டு போகட்டுமே என்று நினைத்து, அதையும் சட்டியில் போட்டான். லூர்துவிடம் சொல்லவில்லை.

ஊற்றின மறுநாள் காலைதான் அந்தச் சூடு.

பேரிங்கை எஞ்சினின் சுழல் அச்சுக்குப் பொருத்துவது பொறுமையான வேலை. அச்சில் நீலச் சாயம் தடவி, உட்கார்த்தி, ஒரு சுற்றுச் சுற்றிக் கழற்றினால், ஈயத்தில் எங்கே நீலம் ஒட்டியிருக்கிறதோ அங்கே மேடு. அதைச் சுரண்டவேண்டும். மறுபடி தடவி, மறுபடி சுற்றி, மறுபடி சுரண்டி, நீலம் எல்லா இடத்திலும் சமமாக விழுகிறவரைக்கும் விடக்கூடாது. சாயங்காலம் துணியால் பளிச்சென்று துடைத்து, சாக்குப் போட்டு மூடிவிட்டுப் போவான். காலையில் சாக்கை எடுத்தால் துடைத்த ஈயத்தில் நீலம் இருக்கும். பட்டாணி அளவுக்குப் புள்ளிகள். ஒன்றையொன்று ஒட்டினாற்போல நான்கு, கொஞ்சம் தள்ளி ஒன்று. எலிக்கால் என்றான். எலிக்கால் அப்படி இருக்காது என்பது அவனுக்கே தெரியும். துடைத்தான்.

வாசனையும் மாறியது. கூடத்தில் எண்ணெய் நாற்றமும் இரும்புத்தூள் நாற்றமும்தான் வரவேண்டும். மழை கொஞ்சம் ஓய்ந்து, ஓட்டிலிருந்து சொட்டுகிற தண்ணீர்ச் சத்தம் மட்டும் மிச்சமிருக்கிற விடியற்காலையில், கதவைத் திறந்ததும் முகத்தில் வந்து மோதுவது சாம்பிராணிப் புகை பிடித்த துணியின் வாசனை, அதற்கு அடியில் லேசாகப் புளித்த தாய்ப்பால் வாசனை. குழந்தை கிடக்கிற வீட்டு வாசனை. அந்த வீட்டில் குழந்தை கிடையாது.

ஒருநாள் அவன் கைப்பிடி போட்டு எஞ்சினைச் சுற்றிக்கொண்டிருந்தபோது, லூர்து உள்ளே கீரை ஆய்ந்துகொண்டே சிரித்தாள்.

“இன்னாங்க, நீங்க அந்தக் கைப்பிடியச் சுத்தறப்பல்லாம் உள்ள இருக்கறதும் சுத்துது. அப்பன் வேலைய இப்பவே கத்துக்குது போல.”

அவனும் சிரித்தான். இன்னும் இரண்டு சுற்று வேண்டுமென்றே சுற்றிக் காட்டினான். “ஐயோ, போதும் போதும், விலா நோவுது” என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வேலை செய்வதில்லை, அது பாவம். பூசைக்குப் போய்வந்து, கறி தின்று, அவன் எஞ்சின் பக்கமே போகவில்லை. விளக்கு வைக்கிற நேரத்துக்கு லூர்து அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். முகம் வெளுத்திருந்தது.

“காலையிலேர்ந்து அசையவே இல்லீங்க.”

“தூங்கும்.”

“சாப்ட்டதும் உதைக்கும். தண்ணி குடிச்சா உதைக்கும். இன்னைக்கு ஒண்ணுமில்ல. கல்லு மாதிரி கெடக்குது.”

எதிர்வீட்டு மருத்துவச்சி சின்னப்பாப்பாவைக் கூட்டிவந்தான். ஊரில் பாதிப் பேரைக் கையில் ஏந்தினவள். வயிற்றைத் தடவினாள், அமுக்கினாள், காதை வைத்தாள். வைத்த காதை எடுக்கவேயில்லை. இந்தப் பக்கம், அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். “சரியாக் கேக்கல. மழை எரைச்சல்” என்றாள். அவன் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள்.

தனிஸ்லாஸ் எழுந்து கூடத்துக்குப் போனான். பாவம் என்று தெரிந்தும் கைப்பிடியைப் பிடித்தான். இரும்பு அன்றைக்குச் சில்லென்று இருந்தது, ஊற்றின நாளிலிருந்து முதல் தடவையாக. மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினான்.

“ஆ!” என்று உள்ளே லூர்து கத்தினாள். “பொரளுது! அக்கா, பொரளுது!”

சின்னப்பாப்பா சிலுவை போட்டுக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. அவன் கைப்பிடியை விட்டுவிட்டு அரையிருட்டில் நின்றான். தலைமூடி மாட்டாத எஞ்சினில் நான்கு பிஸ்டன்களும் வரிசையாகத் தெரிந்தன. அவன் தொடவில்லை. இரண்டு ஏறின, இரண்டு இறங்கின. நகக்கண் அளவுக்கு. நின்றன. இறங்கினது ஏறியது, ஏறினது இறங்கியது. எண்ணெயில் நனைந்த சின்னச் சின்ன மூச்சுச் சத்தம் வந்தது.

அவன் பயந்தான். இனி பூனை, எலி என்று எதையும் கூட்டிவர முடியவில்லை.

விடிந்ததும் பிரித்துவிடுவது என்று முடிவு பண்ணினான். அவ்வளவு ஈயத்தையும் உருக்கி எடுத்து, கல்லறைக்குக் கொண்டுபோய், அம்மாவாசை காலில் விழுந்தாவது மண்ணுக்குள் வைத்துவிடவேண்டும். கார் இல்லாவிட்டால் போகட்டும், பட்டணத்துக்குள்ளேயே ஒரு அறை பார்த்து லூர்துவை நாளைக்கே கொண்டுபோய் வைத்துவிடலாம். மறுநாள் காலை எஞ்சினைப் பக்கவாட்டில் சாய்த்து, நடுப் பேரிங்கின் நட்டில் திருகுசாவியை மாட்டி, ஒரு கால் திருகல் திருகினான். ஓலம். அடுப்பங்கரையிலிருந்து. ஓடிப்போய்ப் பார்த்தால் லூர்து தரையில் சுருண்டு கிடந்தாள். “யாரோ உள்ளார பிச்சி இழுக்கறாங்க... பிச்சி இழுக்கறாங்க...” புடவையில் ரத்தம். அவன் திரும்பி ஓடினான். நட்டை இறுக்கினான். இரண்டு தடவை சாவி வழுக்கியது. இறுகியதும் ஓலம் நின்றது.

ரத்தமும் நின்றுவிட்டது. சின்னப்பாப்பா கஷாயம் வைத்துக்கொடுத்து, “இனிமே இவ எழுந்துக்கவே கூடாது, வண்டில கிண்டில ஏத்தினே, ரெண்டு உசிரு போயிரும். வலி வந்தப்புறம் பாத்துக்கலாம்” என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். ஆக, பட்டணத்து அறையும் போயிற்று.

அதற்குப் பிறகு அவன் செய்ததெல்லாம் பயத்தில் செய்தது. தலைமூடி மாட்டினான். எஞ்சினை நான்கு ஆளை வைத்துத் தூக்கிக் காரில் இறக்கினான். மேக்னெட்டோ, குழாய், எண்ணெய் எல்லாம் சேர்த்தான். இடையிடையே கைப்பிடியைச் சுற்றினான். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது எழுந்துபோய்ச் சுற்றினான். நிறுத்தினால் உள்ளே இருப்பதும் நிற்கும், அவனுக்கு அது நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. “இன்னாங்க, எதுக்கு இப்படி அது கூடவே கெடக்கறீங்க” என்று லூர்து படுத்தபடி கேட்டாள். “புது பேரிங்கு. சுத்திச் சுத்திதான் பதமாவணும்” என்றான். பொய்யும் இல்லை அது.

வலி ஒரு மத்தியானம் வந்தது. அன்று காலையிலிருந்தே காற்று பேய்போல அடித்தது, மூன்று மணிக்கே விளக்கு வைக்கவேண்டிய இருட்டு, தென்னை ஓலைகள் முறிந்து ஓட்டில் விழுகிற சத்தத்தில் பேசுவது கேட்கவில்லை. புஸ்புஸ் வண்டிக்காரர்கள் ஒருத்தரும் வர மறுத்துவிட்டார்கள். சின்னப்பாப்பா ஒரு பக்கம், அவன் ஒரு பக்கம் தாங்கி, லூர்துவைப் பின்சீட்டில் படுக்கவைத்தார்கள். “பிள்ளை திரும்பி கெடக்குது, என்னால ஆவாது, சீக்கிரம் ஆஸ்பத்திரி” என்று சின்னப்பாப்பாவும் கூடவே ஏறிக்கொண்டாள். அவள் பயந்து அவன் பார்த்ததில்லை.

கைப்பிடியைச் செருகி ஓர் இழு இழுத்தான்.

பிடித்துக்கொண்டது. முதல் இழுப்பில். புதிதாகப் பூட்டின எஞ்சின் எதுவும் அப்படிப் பிடித்து அவன் பார்த்ததில்லை. இருமல் இல்லை, புகை இல்லை, காத்துக்கொண்டிருந்த மாதிரி ஓட ஆரம்பித்தது. ஓடட்டும். எதுவாக இருந்தாலும் ஓடட்டும். மாதாவே, இன்றைக்கு மட்டும் ஓடட்டும்.

ரோடு எது, வயல் எது என்று தெரியாத தண்ணீர். கண்ணாடியில் மழை அறைந்தது. எஞ்சின் திணறவேயில்லை. சேறு, பள்ளம், முறிந்து கிடந்த கிளை, எல்லாவற்றிலும் ஏறி இறங்கிற்று. ரயில்வே கேட்டை நெருங்கினான். அதே இடம். பின்னால் லூர்து பல்லைக் கடித்துக்கொண்டு முனகினாள். சக்கரம் இறங்கியது. வழுக்கியது. ஏறியது.

கேட்டைத் தாண்டினதும் பிள்ளை அழுதது.

“பொண்ணு! திரும்பிக்கினு வந்துட்டா, மவராசி! தனிஸ்லாசு, பொண்ணுடா!” என்று சின்னப்பாப்பா அழுதாள். லூர்து சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. அவன் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினான், கண்ணில் நீர் வழிந்து ரோடு தெரியாமல் ஓட்டினான். மூன்று வருஷமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிப்போன மாதிரி இருந்தது. ‘அருளப்பா, மெர்சிடா’ என்று வாய்விட்டு நன்றி சொன்னான்.

ஆஸ்பத்திரி முற்றத்தில் விளக்கு எரிந்தது. வண்டியை நிறுத்தி, விசையைத் திருப்பி எஞ்சினை அணைத்தான்.

அழுகை நின்றது.

மழைச் சத்தம் மட்டும்.

“என்னாச்சு?” என்று லூர்து கேட்டாள். “அக்கா, என்னாச்சு?”

சின்னப்பாப்பா குழந்தையைக் குப்புறப் போட்டு முதுகில் தட்டினாள். வாயில் விரல் விட்டாள். ஊதினாள். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. “மூச்சு இல்ல... ஐயோ, மூச்சு இல்லியே...”

தனிஸ்லாஸ் முன்பக்கம் ஓடினான். கைப்பிடி. இழு. எஞ்சின் பிடித்தது.

குழந்தை வீறிட்டு அழுதது.

கண்ணாடி வழியாக லூர்து அவனைப் பார்த்தாள். கைப்பிடியைப் பார்த்தாள். குழந்தையைப் பார்த்தாள். கூடத்தில் அவன் சுற்றினபோதெல்லாம் தன் வயிற்றில் புரண்டது அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும். “நிறுத்தாதீங்க” என்று மட்டும் சொன்னாள்.

கன்னியாஸ்திரீகள் தூக்குக் கட்டிலோடு வந்து தாயையும் பிள்ளையையும் கொண்டுபோனார்கள். முற்றத்தைப் பார்த்த கீழ்வார்டு. ஜன்னலோரக் கட்டில். அவர்களில் மூத்தவள், எல்லோரும் மசேர் என்று கூப்பிடுகிற கிழவி, குடை பிடித்து வந்து, “வண்டிய நிறுத்துப்பா. நோயாளிங்க தூங்கணும். அதான் பிள்ளை பொறந்துட்டாளே” என்றாள், நல்லவிதமாகத்தான். மாட்டேன் என்று தலையாட்டினான். ஏன் என்றாள். “இன்னும் கொஞ்ச நேரம், மசேர். காலில விழறேன்.” அவள் அவனை ஒருமாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

வாசல் காவல்காரனைப் பெட்ரோலுக்கு அனுப்பினான். புயலில் ஒரு கடையும் திறந்திருக்கவில்லை என்று தொப்பலாக நனைந்து திரும்பிவந்தான். ராத்திரி முழுக்கத் தனிஸ்லாஸ் எஞ்சின் மூடியில் கை வைத்து நின்றான். ஜன்னல் கம்பிகளுக்கு அந்தப் பக்கம் லூர்து, மடியில் குழந்தை, அவனும் அவளும் கண்ணை மூடாமல் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். வெளுக்கிற நேரத்துக்கு மழை விட்டது. எஞ்சின் இருமியது.

ஜன்னலில் லூர்து எழுந்து நின்றாள்.

மறுபடி இருமியது. நின்றது.

சிலிண்டர் தலையிலிருந்த சின்னத் திருகுக் குழாய்களைத் திறந்து காற்றை விட்டான். இனி அழுத்தம் இல்லாமல் கையால் சுற்றிக்கொண்டே இருக்கலாம். சுற்றினான். ஒரு சுற்று. ஜன்னலைப் பார்த்தான். லூர்து தலையாட்டினாள். மூச்சு வருகிறது. இன்னொரு சுற்று. தலையாட்டினாள். ஒரு சுற்றுக்கு ஒரு மூச்சு.

சுற்றினான்.

சூரியன் வந்தது. தோள் எரிந்தது. உள்ளங்கைத் தோல் கழன்று கைப்பிடியில் ஒட்டிக்கொண்டது. ஆட்கள் கூடினார்கள். “பிள்ளை பொறந்த சந்தோசத்துல புத்தி பெரண்டுட்டுது” என்றார்கள். காவல்காரன் மனசு கேட்காமல், “தள்ளுப்பா, நான் சுத்தறேன், நீ செத்த ஒக்காரு” என்று கைப்பிடியை வாங்கினான். தனிஸ்லாஸ் விட்டான். பலசாலி அவன், வேகமாகச் சுற்றினான்.

“அவர் இல்ல!” ஜன்னலிலிருந்து லூர்து அலறினாள். “வரல! நீங்க! நீங்களே!”

பிடுங்கினான். சுற்றினான். அவள் தலையாட்டினாள்.

சுற்றினான். எஞ்சினுக்குள், ஈயத்துக்குள், மெதுவாக ஏதோ தட்டத் தொடங்கியிருந்தது. சுற்றினான். கண் இருட்டியது. சுற்றினான். மசேர் இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு முற்றத்தைக் கடந்து வந்தாள். “பாவம், ரத்தமாக் கொட்டுது பாருங்க. மெதுவாப் புடிச்சி உள்ள கூட்டியாங்க.” அவள் முகத்தில் அவ்வளவு இரக்கம்.

“வேணாம்... மசேர்... எம்பொண்ணு...” மூச்சு இல்லை. சுற்றவும் பேசவும் சேர்த்து மூச்சு இல்லை.

ஒரு கை தோளில் விழுந்தது. இன்னொன்று இடுப்பைச் சுற்றியது. யாரோ அவன் விரல்களைக் கைப்பிடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள், நோகாமல், குழந்தையின் விரலைப் பிரிக்கிற மாதிரி.

லூர்து ஜன்னல் கம்பிகளின் மேல் மகளை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தாள், எல்லோரும் பார்க்கட்டும் என்று. வெயில் அதன்மேல் விழுந்தது. சின்ன மார்பு இறங்கியிருந்தது. அடுத்த மூச்சுக்கு வாய் மட்டும் திறந்திருந்தது.